ஆகஸ்ட் சாண்டர்

ஆகஸ்ட் சாண்டர் (நவம்பர் 17, 1876 - ஏப்ரல் 20, 1964) ஜெர்மனியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். தம் காலத்து ஜெர்மானிய மக்களைத் தொழில், சமூக நிலை ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்திப் படமெடுத்து, 'இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்' என்னும் பெருந்தொகுப்பாக உருவாக்க முயன்றவர் இவர். வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பகுதியைச் சேர்ந்த உழவர் குடும்பங்கள் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட குடும்பப் படங்களே இத்தொகுப்பின் தொடக்கம் ஆகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதற்காக உழைத்தும், தொகுப்பு இவரது வாழ்நாளில் முழுமையாக வெளிவரவில்லை. நாட்சி அரசு இவருடைய முதல் நூலின் படிகளைப் பறிமுதல் செய்தது. மூத்த மகன் சிறையில் இறந்தார். எதிர்ப்படிமங்களில் பெரும்பகுதி தீக்கிரையானது. எஞ்சிய படங்கள் இன்று ஒளிப்பட வரலாற்றின் முதன்மையான ஆவணங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

இளமைக் காலம்

சாண்டர் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள ஹெர்டோர்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூரைச் சுற்றி இரும்புத்தாதுச் சுரங்கங்கள் இருந்தன. தந்தை சுரங்கத்தில் தச்சு வேலை செய்தவர். தொடக்கக் கல்வியை முடித்ததும் சாண்டரும் அவ்வூர்ச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பகுதியில் ஆண் பிள்ளைகளுக்கு வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை.

சுரங்க நிறுவனத்திற்காகப் படமெடுக்க, அருகில் உள்ள சீகன் நகரிலிருந்து ஒளிப்படக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய கருவிகளைச் சுமந்து செல்லவும் இடங்களைக் காட்டவும் சாண்டர் அனுப்பப்பட்டார். கருவியின் பின்புறம் உள்ள கண்ணாடியில், தாம் நாள்தோறும் பார்த்த நிலக்காட்சி தெளிவாக விழுந்திருப்பதைக் கண்டபோதே இவருக்கு ஒளிப்படத்தின் மீது ஈடுபாடு தோன்றியது. பின்னர் மாமா ஒருவரின் பண உதவியுடன் ஒளிப்படக் கருவி வாங்கி, சொந்தமாக இருட்டறை ஒன்றும் அமைத்துக்கொண்டார். சுரங்க வேலையை விடாமலே ஓய்வு நேரங்களில் ஊராரைப் படமெடுக்கத் தொடங்கினார்.

1897 முதல் 1899 வரை டிரியர் நகரில் கட்டாய இராணுவப் பணியாற்றினார். அங்கேயே ஓர் ஒளிப்பட நிலையத்தில் உதவியாளராகவும் வேலை செய்தார். பணிக்காலம் முடிந்தபின் சொந்த ஊருக்குத் திரும்பாமல் பெர்லின், மாக்டபூர்க், ஹாலே, லைப்சிக், டிரெஸ்டன் எனப் பல நகரங்களில் உள்ள நிலையங்களில் வேலை செய்து தொழில் பழகினார்.

லின்ஸ்

1901-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குச் சென்று, அங்கிருந்த ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதில் பங்குதாரரானார். 1904-இல் அதன் முழு உரிமையாளரானார். 1902-இல் அன்னா என்பவரை மணந்தார். எரிக் 1903-இலும் குந்தர் 1907-இலும் பிறந்தனர். 1911-இல் பிறந்த இரட்டைக் குழந்தைகளுள் சீக்ரிட் என்ற மகள் மட்டுமே உயிர் பிழைத்தார்.

லின்சில் இவர் எடுத்த படங்கள் அக்கால நாகரிகத்தை ஒட்டியவை. ஒளிப்படத்தை ஓவியம் போலத் தோன்றச் செய்வதே அன்று உயர்ந்த கலையாகக் கருதப்பட்டது. மென்மையான வில்லை, பிசினும் நிறமியும் கலந்த அச்சு முறை, தூரிகையால் செய்யும் திருத்தங்கள் ஆகியவற்றில் சாண்டர் கைதேர்ந்தவராக இருந்தார். அதற்காகப் பரிசுகளும் பெற்றார். வசதி படைத்த நகரத்தார் தம்மைத் தம் உருவத்தைவிடச் சற்று அழகாகக் காட்டுவதற்கே அவருக்குப் பணம் கொடுத்தனர் என்று சொல்லலாம். இந்தத் திறமைகளைச் சாண்டர் பிற்காலத்தில் ஒவ்வொன்றாகக் கைவிட்டார்.

வெஸ்டர்வால்ட் உழவர் குடும்பங்கள்

1910-ஐ ஒட்டிச் சாண்டர் குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியது. கொலோன் நகரின் லின்டன்தால் பகுதியில் சாண்டர் புதிய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கொலோன் பெரிய நகரம். அங்கே ஏற்கெனவே பல ஒளிப்பட நிலையங்கள் இருந்தன. புதிதாக வந்தவருக்குப் போதிய வாடிக்கையாளர்கள் கிடைக்கவில்லை. எனவே வாடிக்கையாளர் வரும்வரை காத்திராமல் தாமே அவர்களைத் தேடிச் செல்ல முடிவு செய்தார். இவர் தேர்ந்தெடுத்த இடம் கொலோனுக்குக் கிழக்கே உள்ள வெஸ்டர்வால்ட். இவர் பிறந்த ஊரும் இம்மலைப்பகுதியை ஒட்டியே இருந்ததால் அம்மக்களின் பேச்சும் பழக்கவழக்கங்களும் இவருக்குப் புதியவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் கருவி, முக்காலி, கண்ணாடித் தகடுகள் ஆகியவற்றுடன் தொடர்வண்டியில் சென்று இறங்கி, அங்கிருந்து மிதிவண்டியில் ஊர் ஊராகப் போனார். ஞாயிறு தேவாலயத்திற்குச் செல்லும் நாள் என்பதால் அன்று மட்டுமே உழவர்கள் நல்ல உடையில் இருப்பர். ஒரு வீட்டில் எடுத்த படத்தைக் கண்டு அடுத்த வீட்டார் அழைத்தனர். இவ்வாறு ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும், ஒரே ஊரின் பல குடும்பங்களையும் இவர் படமெடுத்தார்.

இப்படங்களின் அமைப்பு எளியது. பின்னணியாக வரைந்த திரைச்சீலை கிடையாது. குடும்பத்தார் வீட்டு முன்புறத்திலோ, தோட்டத்திலோ, காட்டின் ஓரத்திலோ வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். தாத்தாவும் பாட்டியும் நடுவில் இருப்பர். பிள்ளைகள் பின்னால் நிற்பர். உடை கருப்பு. முதியவர்களின் கைகளில் பெரும்பாலும் ஊன்றுகோலோ விவிலிய நூலோ இருக்கும். யாரும் சிரிப்பதில்லை. எல்லோரும் நேராக வில்லையைப் பார்க்கின்றனர். உழைத்துக் காய்த்த பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருப்பதைப் பல படங்களில் காணலாம்.

பணம் கொடுத்தவர்களுக்கு இவை சுவரில் மாட்டும் குடும்ப நினைவுப் படங்கள் மட்டுமே. சாண்டருக்கும் தொடக்கத்தில் இவை பிழைப்புக்கான வேலைதான். ஆனால் லின்சில் எடுத்த அலங்காரப் படங்களில் இல்லாத ஒன்று இவற்றில் இருப்பதை அவர் விரைவில் உணர்ந்தார். இம்மக்கள் தம்மை வேறொருவராகக் காட்டும்படி கேட்கவில்லை. தாம் யார், தம் குடும்பத்தில் யாருக்கு எந்த இடம் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. பின்னாளில் உருவான பெருந்தொகுப்பின் முதல் படங்கள் 1911-ஐ ஒட்டிய இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் எடுக்கப்பட்டவையே.

மூன்று இளைஞர்கள்

சாண்டரின் படங்களுள் மிகவும் அறியப்பட்டது 1914-இல் எடுக்கப்பட்ட 'இளம் உழவர்கள்' என்பதாகும். வயல்வெளிப் பாதையில் மூன்று இளைஞர்கள் நடந்து செல்லும்போது நின்று திரும்பிப் பார்க்கின்றனர். மூவரும் கருநிற மேல்நாட்டு உடையும் தொப்பியும் அணிந்து, கைத்தடி ஊன்றியுள்ளனர். ஒருவர் வாயில் சிகரெட் தொங்குகிறது. அவர்கள் நடன நிகழ்ச்சி ஒன்றிற்குச் செல்வதாகக் கூறப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் உலகப்போரில் ஜெர்மனி இறங்கியது என்பதை அறிந்தவர்களுக்கு இப்படத்தைக் கலக்கமின்றிப் பார்ப்பது கடினம்.

இப்படத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆங்கிலேய எழுத்தாளர் ஜான் பெர்கர் 1979-இல் எழுதிய கட்டுரையில் இளைஞர்களின் உடையைக் கூர்ந்து ஆராய்ந்தார். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்காக வடிவமைக்கப்பட்ட உடை, உடலுழைப்பால் உருவான உடலின் மீது பொருந்தாமல் நிற்பதையும், மேல்தட்டினரின் அழகுணர்வை ஊர்ப்புறத்தார் தாமாகவே ஏற்றுக்கொண்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பவர்ஸ் 1985-இல் வெளியிட்ட தம் முதல் புதினத்தை இப்படத்தை வைத்தே எழுதினார்.

ஆனால் படத்தில் உள்ளவர்கள் உழவர்களே அல்லர் என்பது மிகவும் பிற்காலத்தில் தெரியவந்தது. அவர்கள் அப்பகுதியில் உள்ள இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்தவர்கள். அவர்களுள் ஒருவர் சுரங்க அலுவலகப் பணியாளர். மூவரும் போருக்குச் சென்றனர், ஒருவர் திரும்பவில்லை. அப்பகுதியில் பலர் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே வீட்டில் சிறிது நிலமும் மாடும் வைத்திருந்தனர் என்பதால், உழவர் என்ற பெயர் முழுவதும் பிழை என்று சொல்ல முடியாது. எனினும் சுரங்கத்தில் வளர்ந்த சாண்டர் அவர்களை உழவர் என்ற தலைப்பின் கீழ் வைத்தது கவனிக்கத்தக்கது. ஒரு மனிதரை ஒரு வகையின் எடுத்துக்காட்டாகக் காட்டும்போது அம்மனிதரைப் பற்றிய ஏதோ ஒன்று விடுபட்டுப் போகிறது. சாண்டரின் தொகுப்பு முழுவதையும் தொடரும் சிக்கல் இது.

தொகுப்பின் திட்டம்

முதல் உலகப்போரில் சாண்டரும் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். நிலையத்தை அன்னா நடத்தி வந்தார். போர் முடிந்தபின், கொலோனில் இயங்கிய முற்போக்கு ஓவியர் குழுவுடன் சாண்டருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அக்குழுவின் பிரான்ஸ் வில்ஹெல்ம் சைவெர்ட், ஹைன்ரிக் ஹோர்லே ஆகியோர் சமூக அமைப்பைத் தெளிவான, எளிய உருவங்களில் வரைந்து காட்ட முயன்றவர்கள். 1920களின் தொடக்கத்தில் சாண்டர் தம் பழைய உழவர் படம் ஒன்றை, தொழில்நுட்பப் படங்களுக்குப் பயன்படும் வழவழப்பான தாளில் அச்சிட்டுப் பார்த்தார். மென்மையான கலைத்தாளில் மறைந்திருந்த தோலின் சுருக்கமும் துணியின் இழையும் அதில் அப்படியே தெரிந்தன. ஓவியர்கள் அதனை மிகவும் பாராட்டினர். அதன்பின் சாண்டர் பழைய அச்சு முறையை விட்டுவிட்டார்.

இதே காலத்தில்தான் தொகுப்பின் திட்டம் உருவானது. மக்களை ஏழு பெரும் பிரிவுகளாகப் பிரித்தார்: உழவர், கைவினைஞர், பெண், வகுப்புகளும் தொழில்களும், கலைஞர்கள், பெருநகரம், கடைசி மனிதர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பல கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் 12 படங்கள். மொத்தம் 45 கோப்புகள் அளவில் அமையும் என்பது திட்டம். நிலத்தோடு பிணைந்த மனிதரில் தொடங்கி, தொழில், அறிவு, கலை எனப் பெருநகரம் வரை ஏறி, பின்னர் வேலையற்றோர், நாடோடிகள், நோயாளிகள், இறந்தோர் என இறங்கி முடியும் ஒரு சுற்றாக இதனை அவர் கருதினார்.

எல்லாவற்றிற்கும் முன்னால் வைக்கப்பட்டது 'மூலக்கோப்பு' ஆகும். இதில் உள்ளவர்கள் அனைவரும் வெஸ்டர்வால்ட் உழவர்களே. நிலத்தோடு பிணைந்தவர், மெய்யியலாளர், போராளி, அறிஞர் எனச் சாண்டர் அவர்களுக்குத் தலைப்பிட்டார். பெண்களுக்கும் அவ்வாறே. மனித இயல்புகள் அனைத்தும் உழவரிடத்தில் மூலவடிவில் உள்ளன, நகரத்தில் காணும் வகைகள் யாவும் அவற்றின் மாறுபாடுகளே என்பது அவர் எண்ணம். எழுதவும் படிக்கவும் அதிகம் பயிலாத ஒரு கிழவரை மெய்யியலாளர் என்று அழைத்தது அன்றைய வழக்கத்திற்கு மாறானது. ஆயினும் உழவர் வாழ்வை மாறாத, தூய மூலமாகக் கொள்வதில் கற்பனை கலந்திருப்பதையும் மறுக்க இயலாது. இப்படங்கள் எடுக்கப்பட்ட காலத்தில் வெஸ்டர்வால்ட் இளைஞர்கள் சுரங்கத்திற்கும் தொழிற்சாலைக்கும் போகத் தொடங்கியிருந்தனர்.

பெண்களை ஒரு தனிப் பிரிவாக வைத்து, அவர்களைப் பெரும்பாலும் மனைவி, தாய் என்ற நிலையில் காட்டியதும் பின்னாளில் குறைகூறப்பட்டது. எனினும் இப்பிரிவிலேயே, வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, குட்டையாக வெட்டிய தலைமுடியுடன், சிகரெட்டைப் பல்லில் கடித்தபடி தீக்குச்சியைக் கையில் பிடித்திருக்கும் ஓவியர் மனைவியின் படமும் உள்ளது. கொலோன் வானொலி நிலையத்தின் செயலாளரான பெண்ணின் 1931-ஆம் ஆண்டுப் படமும் இதைப் போலவே புகழ்பெற்றது.

படமெடுக்கும் முறை

சிறிய கைக்கருவிகள் பரவிவந்த 1920களிலும் சாண்டர் முக்காலியில் நிறுத்தும் பெரிய கருவியையும் கண்ணாடித் தகடுகளையுமே பயன்படுத்தினார். அவர் விரும்பிய தகடுகள் சிவப்பு நிறத்தை உணராதவை. ஆகையால் வெயிலில் சிவந்த தோல் படத்தில் கருமையாக விழும். சுருக்கங்களும் தழும்புகளும் நன்றாகத் தெரியும். அழகுப் படங்களுக்கு இது குறை; உழவரைப் படமெடுக்க இதுவே பொருத்தமாக அமைந்தது. செயற்கை விளக்கு இல்லாமல் இயல்பான வெளிச்சத்தில் எடுத்ததால் ஒரு படத்திற்குச் சில நொடிகள் பிடித்தன. அந்தச் சில நொடிகளும் அசையாமல் இருக்கவேண்டியவர் தாமாகவே ஒரு நிலையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியாது. சாண்டர் படங்களில் காணப்படும் அமைதிக்கு அவருடைய மனப்பாங்கைப் போலவே இந்தத் தொழில்நுட்பமும் காரணம்.

அமர்ந்திருப்பவர் எப்படித் தோன்ற விரும்புகிறாரோ அப்படியே அவரை விட்டுவிடுவது இவர் வழக்கம். தொழிற்கருவிகள் இருந்தால் அவற்றோடு எடுப்பார். 1928-இல் எடுத்த இரு படங்கள் இதற்குச் சான்று. ஒன்றில் பருத்த உடல் கொண்ட இனிப்புப் பண்டத் தயாரிப்பாளர் வெண்ணிற மேலங்கியுடன் பாத்திரத்தைக் கலக்கியபடி நிற்கிறார். மற்றொன்றில் ஓர் எடுபிடி ஆள் தோளின் குறுக்கே வைத்த பலகையில் செங்கற்களை அடுக்கிச் சுமந்து நிற்கிறார். இருவரும் ஓர் அரசருக்குரிய நிமிர்வுடன் நம்மைப் பார்க்கின்றனர். மருத்துவர், வழக்கறிஞர், தொழிலதிபர் ஆகியோரைக் காட்டும் படங்களும் இதே உயரத்தில், இதே தொலைவில், இதே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. வகைப்படுத்துதல் வேறு, தரப்படுத்துதல் வேறு என்பதை இப்படங்கள் காட்டுகின்றன எனலாம்.

காலத்தின் முகம்

1927-இல் கொலோன் கலைச் சங்கத்தில் இத்தொகுப்பிலிருந்து சில படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டு எழுத்தாளர் லுட்விக் மாதருடன் இத்தாலியின் சார்டினியா தீவுக்குச் சென்று, அங்கும் ஏராளமான படங்கள் எடுத்தார். 1929-இல் 60 படங்களைக் கொண்ட 'காலத்தின் முகம்' என்னும் நூல் மியூனிக்கில் வெளிவந்தது. வரவிருக்கும் பெருந்தொகுப்புக்கு முன்னோட்டமாக அமைந்த இந்நூலுக்கு எழுத்தாளர் ஆல்பிரட் டோப்ளின் முன்னுரை எழுதினார். நூல் உழவரில் தொடங்கி, தெருமுனையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும் வேலையற்ற மனிதரில் முடிகிறது.

நூல் நல்ல வரவேற்பைப் பெற்றது. திறனாய்வாளர் வால்ட்டர் பெஞ்சமின் ஒளிப்படத்தின் வரலாறு பற்றி 1931-இல் எழுதிய கட்டுரையில் இதனை விரிவாகப் பாராட்டினார். அரசியல் நிலை மாறும்போது முகங்களைப் படிக்கத் தெரிந்திருப்பது மக்களுக்கு இன்றியமையாத் தேவையாகும் என்றும், அதற்குரிய பயிற்சி நூல் இது என்றும் அவர் கருதினார். அதே ஆண்டில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவன்சும் இந்நூலைப் புகழ்ந்து எழுதினார். கொலோன் வானொலியில் ஒளிப்படக்கலை பற்றித் தொடர் உரைகள் ஆற்றும் வாய்ப்பும் அவ்வாண்டு சாண்டருக்குக் கிடைத்தது.

நாட்சி ஆட்சிக் காலம்

1933-இல் நாட்சிகள் ஆட்சியைப் பிடித்தனர். மூத்த மகன் எரிக் சோசலிசத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர். தடைசெய்யப்பட்ட அக்கட்சிக்காக மறைமுகமாகப் பணியாற்றியவர். 1934-இல் அவர் கைது செய்யப்பட்டு, பின்னர் பத்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 1936-இல் 'காலத்தின் முகம்' நூலின் எஞ்சிய படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அச்சுத் தகடுகள் அழிக்கப்பட்டன.

இதற்கு மகனின் அரசியலும், யூதரான டோப்ளின் எழுதிய முன்னுரையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆனால் படங்களே போதிய காரணம்தான். நாட்சிகளும் முகங்களைத் தொகுத்தனர்; உழவரைப் போற்றினர்; இனத்தின் வேர் மண்ணில் உள்ளது என்று பரப்பினர். வெளித்தோற்றத்தில் சாண்டரின் மூலக்கோப்புக்கும் இவர்களின் உழவர் படங்களுக்கும் ஒற்றுமை இருப்பதுபோலத் தோன்றலாம். நாட்சிப் படங்களில் உழவர் பொன்னிற முடியும் ஒளிவீசும் கண்களும் கொண்ட இலட்சிய உருவம். சாண்டரின் உழவர்களோ களைத்தவர்கள், கூன் விழுந்தவர்கள், ஒருவரைப்போல் மற்றொருவர் இல்லாதவர்கள். அதே நூலில் அவர்களுக்கு அடுத்தடுத்த பக்கங்களில் புரட்சியாளரும் வேலையற்றவரும் ஒரே ஜெர்மனியின் மக்களாக இடம்பெற்றனர். ஒரு தூய இனத்தை இப்படங்களில் தேடுபவருக்கு ஏமாற்றமே கிடைக்கும்.

இதன்பின் சாண்டர் வெளிப்படையாக நிலக்காட்சிகள், ரைன் ஆற்றங்கரை, செடிகொடிகள், கொலோன் நகரக் கட்டடங்கள் ஆகியவற்றைப் படமெடுத்தார். ஆயினும் மனிதர்களை எடுப்பதை நிறுத்தவில்லை. சீருடையில் வந்த நாட்சிக் கட்சியினரையும் எடுத்தார். 1938-ஐ ஒட்டி, அடையாள ஆவணங்களுக்காகப் படம் தேவைப்பட்ட கொலோன் யூதர்களையும் எடுத்தார். இரு தரப்பினரும் ஒரே வகையான இருக்கையில், ஒரே வகையான வெளிச்சத்தில் அமர்ந்துள்ளனர்.

சீக்பூர்க் சிறையில் எரிக் சிறைச்சாலையின் ஒளிப்படப் பணிக்கு அமர்த்தப்பட்டார். அவர் சக அரசியல் கைதிகளைப் படமெடுத்தார். அப்படங்களில் பல இரகசியமாக வெளியே வந்து பெற்றோரைச் சேர்ந்தன. 1944 மார்ச்சில், தண்டனை முடிய ஏறத்தாழ ஆறு மாதங்களே இருந்தபோது, குடல்வால் அழற்சிக்கு உரிய மருத்துவம் அளிக்கப்படாமல் எரிக் சிறையில் இறந்தார். அவர் முகத்தின் அச்சிலிருந்து செய்த சாவு முகமூடியைச் சாண்டர் படமெடுத்தார். அப்படம் தொகுப்பின் இறுதிப் பிரிவான 'கடைசி மனிதர்கள்' என்பதில் இடம்பெற்றுள்ளது.

எரிந்தவையும் எஞ்சியவையும்

கொலோன் மீது விமானக் குண்டுவீச்சு கடுமையானபோது, 1942 முதல் சாண்டர் தம் எதிர்ப்படிமங்களில் முக்கியமானவற்றை வெஸ்டர்வால்டில் உள்ள குக்ஹவுசன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுசென்றார். எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்று தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை. சுமார் 10,000 கண்ணாடித் தகடுகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. 1944-இல் கொலோன் நிலையம் குண்டுவீச்சில் அழிந்தது. எனினும் நிலவறையில் வைத்திருந்த மற்ற தகடுகள் தப்பின. அவையும் போர் முடிந்த பிறகு, 1946-இல் நிலவறையில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோயின. இவ்வாறு அழிந்தவை 25,000 முதல் 30,000 வரை இருக்கும் எனக் கணக்கிடப்படுகிறது. ஆறு ஆண்டுப் போரில் தப்பியவை அமைதிக் காலத்தில் அழிந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர்களைத் தேடி மிதிவண்டியில் போன அதே மலைப்பகுதியே எஞ்சிய படங்களுக்குப் புகலிடமானது.

இறுதிக் காலம்

போருக்குப் பின் சாண்டர் குக்ஹவுசனிலேயே எளிய வாழ்க்கை நடத்தினார். புதிய படங்கள் குறைவு. பழைய தகடுகளை அச்சிடுவதும் கோப்புகளை மாற்றி அடுக்குவதுமே முதன்மை வேலையாக இருந்தது. துன்புறுத்தப்பட்ட யூதர்கள், அரசியல் கைதிகள் ஆகியோருக்கெனத் தனிக் கோப்புகளை இக்காலத்தில் சேர்த்தார். பிந்தியதில் எரிக் சிறையில் எடுத்த படங்கள் உள்ளன. ஆகவே பெருந்தொகுப்பின் அப்பகுதி மகன் எடுத்தது.

1951-இல் கொலோன் ஒளிப்படக் கண்காட்சியில் இவரது படங்கள் மீண்டும் வைக்கப்பட்டன. போருக்கு முந்திய கொலோனைக் காட்டும் நானூறுக்கும் மேற்பட்ட படங்களை 1953-இல் அந்நகராட்சி விலைக்கு வாங்கியது. எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955-இல் அமைத்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியில் இவர் படங்கள் இடம்பெற்றன. 1957-இல் மனைவி அன்னா காலமானார். அடுத்த ஆண்டு ஹெர்டோர்ப் ஊர் இவரைத் தம் மதிப்புறு குடிமகனாக்கியது. 1960-இல் ஜெர்மன் கூட்டாட்சி அரசின் விருதையும், 1961-இல் ஜெர்மன் ஒளிப்படக் கழகத்தின் பண்பாட்டுப் பரிசையும் பெற்றார். 1962-இல் 'ஜெர்மானியரின் கண்ணாடி' என்ற படத்தொகுப்பு வெளிவந்தது.

1964 ஏப்ரல் 20-ஆம் நாள் சாண்டர் கொலோனில் காலமானார். மெலாட்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவுக்குப் பின்

தந்தையின் திட்டத்தை மகன் குந்தர் தொடர்ந்தார். 1980-இல் 431 படங்களுடன் 'இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்' முதன்முறையாக நூலாக வெளிவந்தது. 1992-இல் சாண்டரின் ஆவணங்கள் கொலோனில் உள்ள எஸ்.கே. பண்பாட்டு அறக்கட்டளையின் வசம் வந்தன. அவ்வறக்கட்டளை, பேரன் கெர்டு சாண்டரின் ஒத்துழைப்புடன் 619 படங்கள் கொண்ட ஏழு தொகுதிகளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. சாண்டர் விட்டுச்சென்ற குறிப்புகளுக்கு மிக நெருங்கிய வடிவம் இதுவே. 2015-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த 619 படங்களின் முழு அச்சுத் தொகுதியைப் பெற்றுக்கொண்டது.

பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையர் தொழிற்சாலைக் கட்டடங்களை வகைவகையாகப் படமெடுத்ததில் சாண்டரின் முறை தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்கரான டயேன் ஆர்பசும் இவரிடமிருந்து கற்றவரே. மனிதரை வகைக்குள் அடைக்கும் போக்கைக் குறித்து, சூசன் சொன்டாக் 1977-இல் வெளியான தம் நூலில் சாண்டரைப் பற்றிப் பேசியுள்ளார். சாண்டர் பெரும்பாலான படங்களுக்குப் பெயர் குறிப்பிடாமல் தொழிலையோ வகையையோ மட்டும் தலைப்பாக வைத்ததே இக்குறைகூறலுக்கு முக்கியமான அடிப்படை.

பெயரற்றவர்களின் பெயர்களைக் கண்டறியும் வேலையைப் பிற்கால ஆய்வாளர்கள் மேற்கொண்டனர். துன்புறுத்தப்பட்டவர்களின் கோப்பில் உள்ள கொலோன் யூதர்களுள் பலர் யார் என்பது ஆவணங்களைக் கொண்டு கண்டறியப்பட்டுள்ளது. சிலர் உரிய காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறினர். சிலர் வதைமுகாம்களில் கொல்லப்பட்டனர். 2018-இல் பாரிசில் உள்ள யூத இனவழிப்பு நினைவகத்தில் இப்படங்கள், நாட்சிக் கட்சியினரின் படங்களுடனும் எரிக் எடுத்த கைதிகளின் படங்களுடனும் சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. துன்புறுத்தப்பட்டோரின் படங்கள் அங்கே அவரவர் வாழ்க்கைக் குறிப்புடன் இடம்பெற்றன.